அடிக்கடி முட்டிக்கொண்டு வரும் சிறுநீர்: மருந்துக்கடையில் கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். "அடிக்கடி ஒன்னுக்கு வருது, ஏதாவது மாத்திரை குடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. கடையில் கூட்டம் இருந்தால் சிலர் அதைக்கூடக் கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இந்தத் தொந்தரவுக்கு மாத்திரை இருக்கிறது. ஆனால் காரணம் தெரியாமல் கொடுத்தால் சிலருக்கு நிலைமை மோசமாகிவிடும். கடையில் நின்றபடி சொல்லி முடிக்க முடியாத பதில்கள் இவை.

டாக்டர் சீட்டில் 'ஓவர்ஆக்டிவ் பிளாடர்' என்று எழுதியிருக்கிறார். இது என்ன நோய்?

தனி நோய் என்று சொல்வதைவிட, சில தொந்தரவுகள் சேர்ந்து வரும் நிலைக்கு வைத்த பெயர் என்பதே சரி. முக்கிய அடையாளம் அவசரம். திடீரென்று முட்டும், தள்ளிப்போட முடியாது. பகலில் அடிக்கடி போவதும் ராத்திரியில் எழுந்து போவதும் பெரும்பாலும் கூடவே இருக்கும். சிலருக்கு பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் கசிந்துவிடும், சிலருக்குக் கசிவே இருக்காது.

கிருமித் தொற்று, கல் மாதிரி கண்ணுக்குத் தெரியும் காரணம் இருந்தால் இந்தப் பெயரை வைக்க மாட்டார்கள். ஆகவே இதை எழுதுவதற்கு முன் ஒரு யூரின் டெஸ்டாவது எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனால் சரி?

பகலில் ஏழெட்டுத் தடவை வரை, தூக்கத்தில் எழுந்து ஒரு தடவை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. கத்திரி வெயிலில் நாலு லிட்டர் தண்ணீர் குடிக்கிறவர் பத்துத் தடவை போனாலும் அது நோய் இல்லை. எண்ணிக்கையைவிட, உங்களால் தள்ளிப்போட முடிகிறதா, தூக்கம் கெடுகிறதா என்று பாருங்கள்.

அந்த அவசரம் எங்கிருந்துதான் வருகிறது?

சிறுநீர்ப்பையின் சுவர் தசையால் ஆனது. 150 முதல் 200 மில்லி வரை நீர் சேர்ந்ததும் மூளைக்கு முதல் தகவல் போகும். பெரியவர்களுக்குப் பை 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். இந்த இடைப்பட்ட நேரத்தில் மூளையின் முன்பகுதி, "இப்போது வேண்டாம், இடம் கிடைக்கட்டும்" என்று தசையை அடக்கி வைத்திருக்கிறது. நாம் உட்கார்ந்த பிறகுதான் அனுமதி கொடுக்கும். அப்போது நரம்பு முனைகளில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரந்து, தசை சுருங்கி, நீர் வெளியேறும்.

இதில் மூன்று இடங்களில் கோளாறு வரலாம். அடக்குகிற மூளை பலவீனப்படலாம். மூளைக்கும் பைக்கும் நடுவே, முதுகுத் தண்டு வழியாகப் போகும் நரம்பில் பழுது ஏற்படலாம். அல்லது பையின் தசையோ உள்தோலோ எரிச்சலடைந்து, பாதிகூட நிரம்பாமலேயே சுருங்கத் தொடங்கலாம். கீழே வரும் காரணங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றைத்தான் தொடுகின்றன.

அப்படியானால் அடிக்கடி போகிற எல்லோருக்கும் பைதான் கோளாறா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இந்தப் பதிலைப் படியுங்கள். "அடிக்கடி போகிறேன்" என்று இரண்டு வகை ஆட்கள் சொல்கிறார்கள். ஒருவருக்கு உடம்பு அதிக நீரைத் தயாரிக்கிறது. பை நல்ல பைதான், நிரம்பினால் காலி செய்கிறது. இன்னொருவருக்கு நீர் சாதாரண அளவுதான், ஆனால் பை கொஞ்சம் கொஞ்சமாகத் துரத்துகிறது. முதல் வகைக்குப் பையை அடக்கும் மாத்திரை கொடுத்து ஒரு பயனும் இல்லை.

இதைப் பிரித்துப் பார்க்க ஸ்கேன்கூட வேண்டாம். அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் மக்கும் ஒரு நோட்டும் போதும். மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் மணி என்ன, எத்தனை மில்லி, அவசரமாக வந்ததா, கசிந்ததா என்று எழுதுங்கள். என்ன குடித்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். தொடர்ச்சியாக மூன்று நாள் முடியாதவர்கள் வீட்டில் இருக்கும் மூன்று நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு நாள் மொத்தம் மூன்று லிட்டரைத் தொட்டால், அதிக நீர் எதனால் என்று தேட வேண்டும். மொத்தம் ஒன்றரை லிட்டர், ஒவ்வொரு தடவையும் 100, 120 மில்லி என்றால் சந்தேகம் பையின் மேல். வயதானவர்களுக்கு மொத்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் மட்டும் வந்தால், அது இதயம், கால் வீக்கம், தூக்கம் சம்பந்தப்பட்ட வேறு கணக்கு. இந்த நோட்டோடு போனால் டாக்டரின் வேலையில் பாதி முடிந்தது. பணம் செலவில்லாத பரிசோதனை என்பதாலோ என்னவோ, நம் ஊரில் இதற்கு மதிப்பே இல்லை.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. அதனாலா?

ஆம் என்றால் மூன்று விதத்தில் இருக்கலாம்.

ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் முழுதையும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. சர்க்கரை நீரோடு வெளியேறும், போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். தாகம் எடுக்கும், குடிப்பீர்கள், மறுபடி போவீர்கள். இது மேலே சொன்ன அதிக நீர் வகை. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் இதுவும் அடங்கும். இதுவரை சர்க்கரை பார்க்காதவர்கள் இந்தத் தொந்தரவுக்காகவே பார்த்துவிடுவது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

இரண்டாவது, பல வருடம் கட்டுப்பாடில்லாத சர்க்கரை பையின் நரம்புகளைக் கெடுக்கும். முதலில் அவசரம் வரும், பிறகு நிரம்பியதே தெரியாமல் போகும். பை முழுதாகக் காலியாகாமல் தேங்கித் தேங்கி வழியும். இப்படிப்பட்டவரும் "அடிக்கடி வருது" என்றுதான் சொல்வார். ஆனால் அவருக்கு வேண்டிய வைத்தியம் நேர் எதிரானது.

மூன்றாவது, மாத்திரை. 'டாபாகிளிஃப்ளோசின்', 'எம்பாகிளிஃப்ளோசின்' மாதிரி 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் பெயர் உங்கள் அட்டையில் இருக்கிறதா? இவை சர்க்கரையை வேண்டுமென்றே சிறுநீரில் தள்ளிவிட்டுத்தான் வேலை செய்கின்றன. நீர் கூடுதலாகப் போவது எதிர்பார்த்ததே. பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பும் சிலருக்கு வரும், அதுவும் எரிச்சலைக் கூட்டும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற மருந்து இது, நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆரம்பித்த பிறகுதான் தொந்தரவு வந்தது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிபி மாத்திரையால் வருமா?

வரும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயரின் கடைசியில் 'எச்' என்று இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருக்கும், அது நீர் இறக்கும் மருந்து. குளோர்தாலிடோனும் அப்படித்தான். இதயக் கோளாறுக்குக் கொடுக்கும் ஃபுரோசிமைடு இன்னும் வேகமானது. சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு பாத்ரூம் பக்கமே இருக்க வேண்டியிருக்கும். இதைச் சாயங்காலம் சாப்பிட்டுவிட்டு ராத்திரி தூக்கமில்லை என்று வருகிறவர்கள் உண்டு. எப்போது சாப்பிடலாம் என்று டாக்டரைக் கேட்டு நேரத்தை மாற்றினாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பெயரில் 'ஏஎம்' என்று இருந்தால் ஆம்லோடிபின். இது நீர் மாத்திரை இல்லை. ஆனால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். பகல் முழுக்கக் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, நள்ளிரவில் சிறுநீராக வரும். கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இது அதிகம். மாலையில் ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வைத்துப் படுத்துப் பாருங்கள். வீக்கம் இரண்டு காலிலும் ஏறிக்கொண்டே போனால், மூச்சு வாங்கினால், அது மாத்திரை விஷயம் இல்லை. இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று பிரசோசின். சிறுநீரக நோயாளிகளுக்கு பிபிக்காகக் கொடுப்பார்கள். இது பையின் வாயை இறுக்கிப் பிடிக்கும் தசையைத் தளர்த்துவதால், சில பெண்களுக்கு இருமும்போது கசியும்.

ராத்திரி மட்டும்தான் மூன்று, நாலு தடவை. பகலில் ஒன்றுமில்லை. ஏன்?

கால் வீக்கக் கதையை மேலே சொல்லிவிட்டேன். பலரும் யோசிக்காத இன்னொன்று குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு இருந்தால் இதயத்தின் மேல் அழுத்தம் கூடி, நீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோன் சுரக்கும். வீட்டில் இருப்பவர்கள் "பயங்கரமாகக் குறட்டை விடுகிறார், நடுவில் மூச்சே நின்றுவிடுகிறது" என்று சொன்னால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்கெல்லாம் பை மாத்திரை வேலைக்கு ஆகாது.

அப்புறம், வார இறுதியில் கன்னியக்கோயில் தாண்டிப் புதுச்சேரி போய்ச் சரக்கடித்துவிட்டு வருகிறவர்கள், அன்றைய ராத்திரிக் கணக்கை இதில் சேர்க்க வேண்டாம். மது, நீரைத் தேக்கி வைக்கும் ஹார்மோனை அடக்கிவிடும்.

ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் என்றாலே புராஸ்டேட்தானா?

முதலில் சந்தேகிக்க வேண்டியது அதுதான். பையின் வாய்க்குக் கீழே உள்ள சுரப்பி வயதோடு பெரிதாகி வழியை நெருக்கும். நீரைத் தள்ளப் பையின் தசை கூடுதலாக உழைத்துத் தடித்து, கொஞ்சம் நிரம்பினாலே சுருங்கும் குணத்துக்கு வந்துவிடும். எனவே அடைப்பு கீழே, அவசரம் மேலே. தாரை மெலிந்து வருகிறதா, ஆரம்பிக்க நேரமாகிறதா, முடிந்த பிறகும் மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இவர்களுக்குத்தான் கடையில் கேட்டு மாத்திரை வாங்குவது ஆபத்து. நீர் போன பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்க்காமல் பையின் தசையைத் தளர்த்தினால், ஒரேயடியாக அடைத்துக்கொண்டு, குழாய் போடும் நிலைமை வரலாம். சாதாரணச் சளி மாத்திரையே அந்த வேலையைச் செய்யும். அதில் உள்ள குளோர்ஃபெனிரமின் தசையைத் தளர்த்தும், ஃபினைல்எஃப்ரின் வாயை இறுக்கும். பெரியவர்கள் யாராவது சளி மாத்திரை கேட்டால், "ஐயா, ஒன்னுக்கு சரியா போகுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். சிலர் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

பெண்களுக்கு? பிரசவத்துக்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

முதலில் இரண்டு கசிவுகளைப் பிரியுங்கள். இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடம் தூக்கினால் கசிவது இடுப்படித் தசை தளர்ந்ததால். முட்டிக்கொண்டு வந்து, ஓடுவதற்குள் கசிவது பையின் அவசரத்தால். பல பேருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். சுகப்பிரசவத்தில் அடித்தசைகள் இழுபட்டுத் தளர்வது முதலாவதற்குப் பெரிய காரணம். கர்ப்பமாக இருக்கும்போது அடிக்கடி போவது இயல்பு, கர்ப்பப்பை சிறுநீர்ப்பையின் மேல் அழுத்துகிறது. எரிச்சல் இருந்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால், சிறுநீர்க் குழாயின் உள்தோல் மெலிந்து வறண்டு எரிச்சல் கொடுக்கும். அந்த வயதில் அவசரமும் அடிக்கடி தொற்றும் வருவதற்கு இது முக்கியக் காரணம். பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பலருக்குக் கேட்கும், டாக்டர் சீட்டு வேண்டும். கர்ப்பப்பை கீழே இறங்கினாலும் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது. ஏதோ கீழே வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லவே வெட்கப்பட்டுப் பத்து வருடம் ஓட்டிய அம்மாக்களை எனக்குத் தெரியும். மகளிர் மருத்துவரிடம் இது தினமும் வரும் விஷயம், வெட்கத்துக்கு இடமில்லை.

உடல் சூட்டினால் வருகிறது என்கிறார்களே?

மே மாதம் வியர்வையில் தண்ணீர் போய்விடும், குடிப்பதும் குறையும். நீர் மஞ்சளாகக் கெட்டியாகி எரியும், கொஞ்சம் சேர்ந்தாலும் முட்டும். நாம் சூடு என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மோர், இளநீர், தண்ணீர் குடித்தால் ஒரு நாளில் தெளியும். தெளியாமல் எரிச்சல், நாற்றம், குளிர்க் காய்ச்சல் வந்தால் அது சூடு இல்லை, தொற்று. வெந்தயம், சீரகத் தண்ணீர் என்று நாள் கடத்த வேண்டாம். போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்கைப் பாதி சாப்பிடுவது அதைவிட மோசம்.

டீ, காபி?

காஃபின் நீரையும் கூட்டும், பையையும் உசுப்பும். நாளுக்கு ஐந்தாறு டீ குடிக்கிறவர் இரண்டாகக் குறைத்து இரண்டு வாரம் பார்க்கலாம். குளிர்பானமும் அப்படித்தான். ஆனால் தண்ணீரையே குறைத்துவிடாதீர்கள்.

வேலையிடத்தில் கழிப்பறை இல்லை, அடக்கி அடக்கி வைத்ததால் வந்திருக்குமா?

தேவனாம்பட்டினத்திலிருந்து மீன்கூடையோடு கிளம்பும் அம்மாக்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், சேல்ஸில் நிற்கும் பெண்கள் இதைக் கேட்பார்கள். அடக்கியதால் மட்டும் இந்த நோய் வரும் என்று சொல்வதற்கில்லை. நடப்பது வேறு. போக இடமில்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. நீர் கெட்டியாகி எரிச்சல், தொற்று, கல் என்று வரிசையாக வருகிறது. குற்றம் பையின் மேல் இல்லை, கழிப்பறை கட்டாதவர்கள் மேல்.

எதிர்ப் பழக்கமும் உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் வீட்டில் ஒரு தடவை, பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை, இறங்கியதும் ஒரு தடவை என்று எதற்கும் இருக்கட்டுமே என்று போவார்கள். பை நிரம்பவே விடாமல் இப்படிக் காலி செய்துகொண்டே இருந்தால், குறைந்த அளவிலேயே முட்டப் பழகிவிடும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு இப்படி ஆகிவிட்டது.

அடக்கி வைக்கும் மூளைப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கும். பார்க்கின்சன் நோயிலும் இதுவே நடக்கிறது. அவர் வேண்டுமென்றே படுக்கையை நனைக்கவில்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்களாகவே கூட்டிப்போங்கள், கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே விளக்குப் போடுங்கள்.

இது வேறு: முதுகுவலியோடு கால் மரத்து, உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைந்து, நீர் வரவே இல்லை அல்லது தெரியாமல் போகிறது என்றால் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு. தண்டுவட நரம்புகள் நசுங்கியிருக்கலாம், தாமதித்தால் திரும்பாது.

மலச்சிக்கலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

குடலின் கடைசிப் பகுதியும் பையும் பக்கத்துப் பக்கத்தில். அங்கே இறுகி நின்றால் இங்கே இடம் குறையும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மலச்சிக்கலைச் சரிசெய்தாலே அவசரம் குறைவதைப் பார்க்கலாம்.

எப்போது பயப்பட வேண்டும்?

சிறுநீரில் ரத்தம். வலியே இல்லாமல் ஒரே ஒரு தடவை வந்து நின்றுவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும், புகைபிடிக்கிறவர்கள் கட்டாயமாக. பைப் புற்றுநோய் அப்படித்தான் தொடங்கலாம். பையில் கல் இருந்தாலும் அவசரம், எரிச்சல், ரத்தம் வரும். பல மாதமாக எரிச்சல், யூரினில் சீழ் அணுக்கள் இருக்கிறது, ஆனால் கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை என்றால் சிறுநீர்ப் பாதைக் காசநோயை நினைக்க வேண்டும். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. பையைச் சுருக்கி, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓட வைக்கும்.

எல்லா டெஸ்டும் நார்மல். காரணமே தெரியவில்லை என்கிறார் டாக்டர். ஏமாற்றுகிறாரா?

இல்லை. நிறையப் பேருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. மற்றவற்றை விலக்கிவிட்டார் என்பதே உங்களுக்கு நல்ல செய்தி. காரணம் தெரியாவிட்டாலும் வைத்தியம் உண்டு. முதலில் பையைப் பழக்குவது: முட்டும்போது ஓடாமல் நின்று, இடுப்படித் தசையை ஐந்தாறு தடவை இறுக்கி விட்டு, அலை அடங்கியதும் நடந்து போவது. இடைவெளியை வாரத்துக்குக் கால் மணி நேரமாக நீட்டிக்கொண்டே போங்கள். பலன் தெரிய ஒன்றரை மாதமாவது ஆகும். பத்து நாளில் விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்து மாத்திரை. சாலிஃபெனாசின், டால்டெரோடின் வகை அசிட்டைல்கோலினைத் தடுக்கும், வாய் வறளும், மலம் இறுகும், வயதானவர்களுக்குக் குழப்பம் வரலாம். கண்ணில் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மிராபெக்ரான் வேறு வழியில் தசையைத் தளர்த்துகிறது, பிபியைக் கவனிக்க வேண்டும். இவையும் கேட்காதவர்களுக்குப் பையில் போடும் போடாக்ஸ் ஊசி, நரம்பைத் தூண்டும் சிகிச்சை இருக்கின்றன.

யாரிடம் போவது?

முதலில் குடும்ப டாக்டர் அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். யூரின், சர்க்கரை, வயிற்று ஸ்கேன் வரை கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலேயே பார்க்கலாம். அதற்கு மேல் சிறுநீரியல் நிபுணர் வேண்டும் என்றால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரில் தனித் துறை இருக்கிறது. வரிசை நீளம், விடியற்காலையில் கிளம்புங்கள். ஸ்கேன் எழுதும்போது, நீர் போன பிறகு மிச்சம் எவ்வளவு என்பதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்று நாள் நோட்டை மறக்க வேண்டாம். மாத்திரைகளின் பெயரை ஞாபகத்திலிருந்து சொல்லாமல், சர்க்கரை, பிபி, சளி, மூட்டுவலி என்று சாப்பிடுகிற எல்லா அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.